ராயபுரம் ரயில் நிலையத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரம் இல்லாதவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படிக்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன மாதம் பேரனைப் பெரம்பூர் ரயில் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போன படங்களைப் போட்டிருந்தேன். அதன் கீழே ஒருவர், "ராயபுரம் ஸ்டேஷனையும் இதே மாதிரி மியூசியம் ஆக்கிவிட்டால் நன்றாக இருக்கும் சார்" என்று எழுதியிருந்தார். நிறையப் பேர் அதற்கு லைக் போட்டிருந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று கமென்ட்டிலேயே எழுத ஆரம்பித்தேன். அது வளர்ந்துகொண்டே போனது. அதனால் தனிப் பதிவு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராயபுரம் பழைய கட்டடத்தின் பெரிய கூடத்தை அந்தப் பகுதி மக்கள் உட்கார்ந்து படிக்க விட வேண்டும். மேசை, நாற்காலி, மின்விசிறி, நல்ல வெளிச்சம், குடிநீர், சுத்தமான கழிப்பறை, நாளிதழ்கள், போட்டித் தேர்வுப் புத்தகங்கள். காலை 6 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்குப் பூட்டும் ஒரு படிப்பகம். ஒரு ஓரத்தில் பெரியவர்கள் பேப்பர் பார்க்க நாலு பெஞ்ச். அவ்வளவுதான் கேட்கிறேன்.

கீழ்க்கட்டளையில் இருப்பவருக்கு ராயபுரத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். எங்கள் ஊரில் ரயில் நிலையமே கிடையாது. பல்லாவரம் போய் மின்சார ரயில் பிடித்து, கடற்கரையில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறினால் அடுத்த நிறுத்தம் ராயபுரம். இந்தப் பக்கம் வீடு கட்டி வருவதற்கு முன்னால் 12 வருஷம் வடசென்னையில் ஒரு பள்ளியில் வரலாறு எடுத்தவன் நான். அந்த நிலையத்தின் வாசல் வழியாகப் பல நாள் நடந்திருக்கிறேன்.

தெரியாத இளைஞர்களுக்காகக் கொஞ்சம் வரலாறு. வாத்தியார் புத்தி, விடாது. இந்தியாவில் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயிலிருந்து தாணேவுக்கு ஓடியது. அதே 1853-இல் இங்கேயும் வேலை தொடங்கியது. 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் நிலையத்தைத் திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் பொதுமக்களுக்கு வண்டி ஓடியது. ராயபுரத்திலிருந்து ஆற்காடு வரை, அதாவது இன்றைய வாலாஜா ரோடு வரை, ஏறக்குறைய 100 கிலோமீட்டர். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அதுதான். அப்போது சென்ட்ரலும் இல்லை, எழும்பூரும் இல்லை. சென்ட்ரல் வந்தது 1873-இல், எழும்பூர் இன்றைய கட்டடம் 1908-இல். 1922 வரை மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயின் தலைமையகம்கூட ராயபுரத்தில்தான் இருந்தது.

பம்பாயில் அந்த முதல் வண்டி புறப்பட்ட போரி பந்தர் பழைய நிலையம் இன்று இல்லை. தாணேயின் அந்தக் காலத்துக் கட்டடமும் இல்லை. ராயபுரம் நிற்கிறது, இன்னும் வண்டியும் நிற்கிறது. நாட்டிலேயே இன்றும் இயங்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் என்று அதைச் சொல்வதற்குக் காரணம் இதுதான். வரிசையாக உயரமான உருண்டைத் தூண்கள், தலையை அண்ணாந்து பார்க்க வைக்கும் கூரை, கவர்னர் வந்து இறங்குவதற்காகக் கட்டிய தோரணை. நடுவில் பல வருஷம் கவனிப்பாரில்லாமல் கிடந்தது. 2005-இல் தெற்கு ரயில்வே புதுப்பித்தது. அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

புதுப்பித்த பிறகு என்ன ஆயிற்று? புறநகர் வண்டிகள் நின்று போகின்றன. மக்கள் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். சுற்றிலும் காசிமேடு, வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று இந்த நகரத்திலேயே நெரிசல் மிகுந்த தெருக்கள். அவற்றுக்கு நடுவில் 170 வருஷத்துக் கூடம் ஒன்று, விழாவுக்கு வெள்ளையடித்துவிட்டு ஆள் குடிவராத பெரிய வீடு மாதிரி நிற்கிறது.

அந்தத் தெருக்களில் வீடு எப்படி இருக்கும் என்பது அங்கே பாடம் எடுத்தவர்களுக்குத் தெரியும். ஒற்றை அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே டிவி, அதிலேயே தூக்கம். பத்தாம் வகுப்புப் பையன் "வீட்டுப்பாடம் எழுதலை சார்" என்று சொன்னால் முதல் வருஷம் கோபம் வந்தது. இரண்டு வீடுகளுக்குப் போய்ப் பார்த்த பிறகு வரவில்லை. நோட்டை விரித்து வைக்க நாலடி இடம் வேண்டும், அந்த நாலடியில் தங்கை படுத்திருப்பாள். பரீட்சை நேரத்தில் கோயில் வாசல், மூடிய கடைத் திண்ணை, தெருவிளக்கு என்று போய்ப் படித்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதுவும் பையன்களுக்குத்தான். பெண் பிள்ளை ராத்திரி எட்டு மணிக்கு மேல் எந்தத் திண்ணையில் போய் உட்காருவாள்?

என்னிடம் படித்த ஒருவன் ஒரு காரியம் செய்தான். டிகிரி முடித்துவிட்டு டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். அப்பாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் வேலை. வீட்டில் ஆறு பேர். இவன் மாதாமாதம் சீசன் டிக்கெட் எடுத்தான். எங்கேயும் போவதற்காக இல்லை. டிக்கெட் இல்லாமல் நடைமேடையில் உட்கார முடியாதே, அதற்காக. தினம் ஒரு நிலையத்தின் நடைமேடைக் கோடியில், மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் பெஞ்சில் நாலைந்து மணி நேரம் படிப்பான். சில சமயம் எழுப்பி விடுவார்களாம். சீசனைக் காட்டுவான். "எந்த வண்டிக்கு?" என்று கேட்பார்களாம். "அடுத்த வண்டிக்கு" என்பானாம். இன்று அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளராக இருக்கிறான். இதைச் சொல்லிவிட்டு அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இது அவன் ஒருவனின் கதை மட்டும் இல்லை. பிகாரில் சசாராம் நிலையத்தில் விளக்கு வெளிச்சத்துக்காகவே மாணவர்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து போட்டித் தேர்வுக்குப் படித்த செய்தி பத்திரிகைகளில் வந்தது. எர்ணாகுளம் நிலையத்தில் ஒரு சுமைதூக்கும் தொழிலாளி, ரயில்வே இலவசமாகக் கொடுத்த வைஃபையில் பாடங்களைக் கேட்டுக்கொண்டே மூட்டை தூக்கி, 2018-இல் கேரள அரசுப் பணித் தேர்வின் எழுத்துத் தேர்வில் தேறினார். யாரும் திட்டம் போட்டு அந்த நிலையங்களைப் படிப்பகம் ஆக்கவில்லை. வெளிச்சமும் உட்கார இடமும் இருந்தன, மக்கள் தாங்களாகவே வந்துவிட்டார்கள். நான் கேட்பது, அப்படி வருகிறவர்களுக்கு முறையாகக் கதவைத் திறந்து நாற்காலி போடுங்கள் என்பதுதான்.

இப்போது மியூசியம் விஷயத்துக்கு வருகிறேன். கர்நாடகத்தில் ஷிவமொக்கா பக்கம் அரசாளு என்று ஒரு சின்ன நிலையம். ஆர்.கே. நாராயணின் 'மால்குடி டேஸ்' கதைகளைச் சங்கர் நாக் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது, மால்குடி ரயில் நிலையமாகக் காட்டியது இதைத்தான். எங்கள் தலைமுறை தூர்தர்ஷனில் வாய் பிளந்து பார்த்த தொடர். 2020-இல் அந்தப் பழைய கட்டடத்தை மால்குடி அருங்காட்சியகம் ஆக்கினார்கள். அழகான காரியம். நாராயண் புரசைவாக்கத்தில் பிறந்தவர் என்பதால் நமக்கும் அதில் கொஞ்சம் உரிமை உண்டு! ஆனால் அது ஜோக் அருவிக்குப் போகிற வழி. சுற்றுலாக்காரர்கள் இறங்கிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த இடத்துக்கு அது சரி. ராயபுரத்துக்கு அது சரிவருமா? பழைய என்ஜின் பார்க்க வேண்டுமானால் பெரம்பூரில் ஐசிஎஃப் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிறது, ராயபுரத்திலிருந்து தொலைவும் இல்லை. காசிமேட்டில் இருக்கிற ஒரு பிள்ளை அருங்காட்சியகத்துக்கு வாழ்நாளில் எத்தனை தடவை போகும்? பள்ளியில் கூட்டிப்போனால் ஒரு தடவை. படிப்பகத்துக்குத் தினம் வரும்.

வேறு மாதிரியும் செய்யலாம் என்பதை நான் சிங்கப்பூரில் பார்த்தேன். மகள் அங்கே இருக்கிறாள். ஒருநாள், "அப்பா, உங்களுக்குப் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது" என்று புக்கிட் தீமா பழைய ரயில் நிலையத்துக்குக் கூட்டிப்போனாள்.

அதன் கதை சுவையானது. சிங்கப்பூர் தனி நாடான பிறகும் அந்த ஊருக்குள் ஓடிய தண்டவாளமும் அதன் நிலமும் மலேசிய ரயில்வேயிடமே இருந்தன. தெற்குக் கோடியில் தஞ்சோங் பகார் என்ற பெரிய நிலையம், 1932-இல் கட்டியது. நடுவில் புக்கிட் தீமா, செங்கல் கட்டிய சின்ன நிலையம். இரண்டு அரசுகளும் பல வருஷம் பேசி ஒரு முடிவுக்கு வந்து, 2011 ஜூன் 30 அன்று கடைசி வண்டி புறப்பட்டது. ஜொகூர் சுல்தானே அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். மறுநாள் 24 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்தது.

சிங்கப்பூரில் நிலத்தின் விலை என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுக்குமாடி கட்டியிருந்தால் கோடிகோடியாக வந்திருக்கும். அவர்கள் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். மக்கள் நடக்கவும் சைக்கிள் விடவும் இந்தப் பாதையை விட்டுவிடுங்கள் என்றார்கள். விட்டுவிட்டார்கள். புக்கிட் தீமா நிலையத்தைச் செப்பனிட்டு 2022 ஜூலை 1 அன்று மறுபடியும் திறந்தார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. நிலையத்துக்குள் பழைய சிக்னல் நெம்புகோல்கள் அப்படியே நிற்கின்றன. ஊழியர் குடியிருப்பாக இருந்த வீடு இப்போது காபிக் கடை. நடைமேடையில் தாத்தா பாட்டிகள் உட்கார்ந்திருக்கிறார்கள், குழந்தைகள் தண்டவாளத்தின் மேல் கையை விரித்துக்கொண்டு நடக்கிறார்கள். பக்கத்திலேயே கறுப்பு இரும்புப் பாலம்.

ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிடாமல் இருக்க, டோக்கன் வைத்திருக்கும் வண்டிதான் அந்தத் தடத்தில் போகலாம் என்று ஒரு முறை உண்டு. நம் மீட்டர் கேஜ் பாதைகளிலும் இருந்தது. ஓடுகிற வண்டியிலிருந்து வளையத்தைத் தூக்கிப் போட்டு இன்னொன்றைக் கையில் மாட்டிக்கொள்வார்களே, அதேதான். அந்த முறை கடைசி வரை நடந்த இடம் புக்கிட் தீமா. மலாயா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் கிளார்க்குகளாகவும் யாழ்ப்பாணத் தமிழர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். தண்டவாளம் போட்டுப் பராமரித்தவர்களில் நம் ஜில்லாக்களிலிருந்து போன கூலித் தொழிலாளர்கள் ஏராளம். அந்த நடைமேடையில் நின்றபோது இது நம்மவர்கள் வேலை பார்த்த இடம் என்ற நினைப்பு எனக்கு வந்தது. அங்கே மியூசியம் மாதிரி ஒரு பகுதியும் இருக்கிறது. ஆனால் வந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைப் பார்க்க வரவில்லை. சும்மா உட்கார வந்திருந்தார்கள். எனக்குப் பிடித்ததும் அதுதான்.

இன்னொன்றைக் கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. இங்கிலாந்தின் வடக்கே ஆல்ன்விக் என்ற சிற்றூரில் 1968-இல் மூடிய ரயில் நிலையத்தில் 1991 முதல் ஒரு பழைய புத்தகக் கடை நடக்கிறது. கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, வருகிறவர்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் படிக்கலாம். ரயில் நிலையமும் புத்தகமும் நமக்கும் புதுசு இல்லை. நிலையத்துக்கு நிலையம் ஹிக்கின்பாதம்ஸ் கடை இருந்த காலம் நினைவிருக்கிறதா? ரயில் ஏறாதவர்கள்கூட வாரப் பத்திரிகை வாங்கப் பிளாட்பார்ம் டிக்கெட் எடுத்த காலம் அது.

சரி, "சிங்கப்பூர் கதையெல்லாம் இங்கே நடக்குமா சார்" என்பீர்கள். நியாயமான கேள்வி. அங்கே ஓடாத ரயில், இங்கே ஓடுகிற ரயில். அங்கே ஒரே அரசு, இங்கே நிலம் மத்திய அரசின் ரயில்வேயுடையது, நூலகம் மாநில அரசுடையது, குப்பை மாநகராட்சியுடையது. மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். கஷ்டம்தான். ஆனால் முடியாத காரியம் இல்லை. ரயில்வே தன் இடத்தைக் கடைக்கும் ஏடிஎம்முக்கும் உரிமம் கொடுத்து விடுகிறது. அதே மாதிரி பெயரளவு வாடகைக்குக் கூடத்தை நூலகத் துறைக்கு விடலாம். கட்டடம் ரயில்வேயுடையதாகவே இருக்கட்டும். ஆணி அடிக்கக்கூட அவர்கள் அனுமதி வாங்கட்டும்.

பணம்? பொது நூலகச் சட்டத்தை 1948-இலேயே கொண்டுவந்த மாநிலம் நாம். சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல் நூலகச் சட்டம், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது வந்தது. அன்றிலிருந்து சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோம். சொத்து வரியில் 10 சதவீதம். கீழ்க்கட்டளையில் நானும் கட்டுகிறேன், ராயபுரத்தில் அவர்களும் கட்டுகிறார்கள். தெற்கே கோட்டூர்புரத்தில் 2010-இல் அண்ணா நூற்றாண்டு நூலகம் வந்தது, அற்புதமான இடம். வடசென்னையில் அந்த அளவில் ஒன்றுகூட இல்லை. 2024 நவம்பரில் கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் என்று ஒன்றைத் திறந்தார்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கும் மடிக்கணினியோடு வேலை செய்கிறவர்களுக்கும் இடம். அரசுக்கு இந்தத் தேவை தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி. புதுக் கட்டடம் கட்ட ஆகும் செலவில் ஒரு சிறு பங்கு போதும், ராயபுரத்தில் நாற்காலி போட.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்கிறவர்கள் உண்டு. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பிள்ளைகளா, குடித்துவிட்டு வருபவர்கள் என்ன செய்வார்கள், என்றெல்லாம். ஆள் நடமாட்டம் இல்லாத பெரிய கூடத்தில்தான் குடிகாரர்கள் வருவார்கள் என்பது என் அனுபவம். வெளிச்சமும் ஐம்பது பிள்ளைகளும் இருக்கிற இடத்துக்கு அவர்களே வர மாட்டார்கள். தெருப் பக்கத்து வாசல் வழியாக வந்து போகட்டும், நடைமேடைப் பக்கம் கம்பிக் கதவு போடட்டும். ஒரு காவலாளி, ஒரு நூலகர், இரண்டு துப்புரவுப் பணியாளர். அவர்களுக்கு ஒழுங்காகச் சம்பளம். இதில் கஞ்சத்தனம் பண்ணினால் ஆறே மாதத்தில் கழிப்பறை நாறும், பெண் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள், பிறகு "யாரும் வருவதில்லை" என்று அறிக்கை எழுதி மூடிவிடுவார்கள். நான் உண்மையில் பயப்படுவது இதற்குத்தான்.

ராயபுரத்தை நீண்ட தூர ரயில்களுக்கான முனையம் ஆக்க வேண்டும் என்று வடசென்னைக்காரர்கள் பல வருஷமாகக் கேட்கிறார்கள், நீதிமன்றம் வரை போனார்கள். மூன்றாவது முனையம் எங்கள் தாம்பரத்துக்கு வந்துவிட்டது. அவர்களுடைய ஆதங்கம் நியாயமானது. என் யோசனை அதற்கு எதிரானது இல்லை. நாளைக்கே முனையம் வந்தாலும் அதன் டிக்கெட் கவுன்டரும் நகரும் படிக்கட்டும் புதுக் கட்டடத்தில்தான் வர முடியும். 1856-இல் கட்டிய கூடத்தில் லிப்ட் வைக்க யாரும் கேட்கப் போவதில்லை. எழும்பூரை 700 கோடி ரூபாய்க்கு மேல் செலவு செய்து மாற்றிக் கட்டுகிறார்கள். அதில் ஒரு துளி இங்கே.

கட்டடத்தைக் கட்டிவிட்டு வெறுமனே விடுவது ஒன்றும் பழைய நிலையங்களோடு முடியவில்லை. 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை பறக்கும் ரயில் வந்தது, 2007-இல் வேளச்சேரி வரை நீண்டது. மந்தைவெளி, திருவான்மியூர் என்று ஒவ்வொரு நிலையமும் கல்யாண மண்டபம் மாதிரி. கடைகள் வரும், வாடகை கொட்டும் என்று கட்டினார்கள். எத்தனை தளம் வருஷக்கணக்காகக் காலியாகக் கிடந்தது என்பதை அதில் போய் வந்தவர்கள் சொல்லட்டும். இப்போது எங்கள் கீழ்க்கட்டளையிலேயே மேடவாக்கம் மெயின் ரோட்டில் மெட்ரோவுக்குத் தூண் நிற்கிறது. நிலையம் கட்டும்போதே ஒரு அறையை நூலகத்துக்கு ஒதுக்குங்கள் என்று நம் நலச்சங்கங்கள் இப்போதே மனுக் கொடுக்கலாம். கட்டி முடித்த பிறகு கேட்டால் கிடைக்காது.

இந்தப் பதிவைச் சுருக்கி இரண்டு பக்கக் கடிதமாக எழுதி, தெற்கு ரயில்வே பொது மேலாளருக்கும் பொது நூலக இயக்குநருக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்பப் போகிறேன். ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை நண்பர்களுக்கும் என் பழைய மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இப்போது எங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள், எந்த நேரத்தில் இடம் அதிகம் தேவைப்படும், பெண் பிள்ளைகள் வந்துபோக என்ன ஏற்பாடு வேண்டும் என்று கமென்ட்டில் எழுதுங்கள். லைக் போட்டால் போதாது, எழுதுங்கள். வெள்ளிக்கிழமை வரை வருவதையெல்லாம் கடிதத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.